முன்பாய்: சுருட்டுவதா, கொக்கி மாட்டுவதா?

"அண்ணே, ஃபர்லர் போடவா, பழைய கொக்கிப் பாயையே வச்சு ஓட்டவா?"

போன வருஷத்தில் மட்டும் மூன்று பேர் இதைக் கேட்டுவிட்டார்கள். ஃபர்லர் என்பது படகின் முன்பாயைக் கம்பியிலேயே சுருட்டி வைக்கும் கருவி. கொக்கிப் பாய் என்பது கம்பியில் கொக்கியால் மாட்டி ஏற்றுவது. மூவரிடமும் இருப்பது 22 அடியிலிருந்து 26 அடிக்குள் அடங்கும் பழைய ஃபைபர் பாய்மரப் படகு. வெளியூரில் கைமாறி, லாரியில் ஏறி, இந்தக் கரையில் வந்து இறங்கியவை. மூவருக்கும் நான் வெவ்வேறு பதில் சொன்னேன். பிறகு மூவரும் ஒரு டீக்கடையில் ஒன்றாக உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். "எனக்கு ஒண்ணு சொன்னாரு, உனக்கு ஒண்ணு சொன்னாரு" என்று கணக்கு இடித்திருக்கிறது. நேராக என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். இந்தக் கட்டுரை அந்தப் பஞ்சாயத்தின் விரிவு.

பாய் நமக்குப் புதிதல்ல. தொண்டிப் பக்கம் திருவிழா என்றால் பாய்மரப் படகுப் போட்டி இன்றும் நடக்கிறது. எங்கள் ஐயாவின் வல்லத்தில் பருமலில், அதாவது குறுக்குக் கம்பில், கட்டிய ஒற்றைப் பாய்தான் இருந்தது. காற்று ஏறினால் பெரிய பாயை இறக்கிவிட்டுச் சின்னப் பாயை ஏற்றுவார். அவருக்கு முன்பாய், பின்பாய் என்ற குழப்பமே கிடையாது. நம்முடைய இன்றைய படகுகளில் பாய்மரத்துக்குப் பின்னே ஒரு பெரிய பாயும், அணியத்திலிருந்து (படகின் முன்முனை) மர உச்சிக்கு ஏறும் கம்பியில் ஒரு முன்பாயும் இருக்கின்றன. அந்தக் கம்பிக்கு ஃபோர்ஸ்டே என்று பெயர். குழப்பமெல்லாம் அந்தக் கம்பியில்தான்.

கேட்பவர்கள் எல்லோரும் "சுருட்டுவதா, கொக்கியா" என்றுதான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. அந்தக் கம்பியில் எவ்வளவு பெரிய துணி இருக்க வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி.

## எதை வைத்து முடிவு செய்வது

எந்தக் கடல், எந்த மாதம். தனுஷ்கோடிக்காரர்கள் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். நான் இங்கே முன்னதை வடகடல், பின்னதைத் தென்கடல் என்கிறேன். நம் படகுகளுக்கும் அந்தப் பிரிவினைதான் முதல் அளவுகோல். பாம்பன் பாலம் தூக்கினால்தான் நம் பாய்மரம் அந்தப் பக்கம் போகும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு செங்குத்தாக 17 மீட்டர் மேலே ஏறுகிறது. நம் 10 மீட்டர் மரத்துக்கு அது தாராளம். ஆனால் நாம் நினைத்த நேரத்தில் யாரும் தூக்கித் தரப்போவதில்லை. ஆகவே ஒரு பருவத்துக்கு ஒரு பக்கம் என்றுதான் பெரும்பாலும் படகு கிடக்கும்.

தென்மேற்குப் பருவத்தில், அதாவது மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, தென்கடலில் கச்சான் காற்று கட்டி அடிக்கும். மதியத்துக்கு மேல் 20 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல் என்ற கணக்கு) என்பது சாதாரணம். அலையும் நேராகக் கரைக்கு வரும். அதே நாளில் வடகடலில் அந்தக் காற்று தரையைத் தாண்டி வருவதால் தண்ணீர் தட்டையாக இருக்கும். காற்று மட்டும் குறையாது. வாடை பிறந்தபின் எல்லாம் தலைகீழ். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஆழம் குறைந்த வடகடலில் குட்டையான, செங்குத்தான அலை எழும்பிப் படகைக் குத்தும். தென்கடல் அடங்கிக் கிடக்கும். மார்ச்சும் ஏப்ரலும் மந்தம். காலையில் கரைக்காற்று, மதியம் கடல்காற்று, நடுவில் ஒன்றுமில்லை. அக்டோபரில் இடியும் மழையுமாகத் திடீர்க் காற்று.

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறும் என்பதை மறக்க வேண்டாம். 10 நாட் 20 ஆனால் பாய் மீதான விசை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. மார்ச் மாதத்துக்கு வாங்கிய பாய் ஜூலையில் உங்கள் எதிரி.

காற்று எங்கே தள்ளும். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. கச்சான் காலத்தில் தென்கடலில் எஞ்சின் நின்றால் படகு கரையை, அல்லது மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் எதிரே உள்ள தீவுகளின் பவளப்பாறையை நோக்கிப் போகும். அந்தத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதியின்றி இறங்கவும் கூடாது. வடகடலிலோ அதே காற்று உங்களைக் கரையைவிட்டுத் தள்ளிக்கொண்டு கச்சத்தீவுத் திசைக்குக் கொண்டுபோகும். 1974 ஒப்பந்தக் கோடு தண்ணீரில் தெரியாது. ஆனால் அதைத் தாண்டினால் என்ன நடக்கும் என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. இரண்டு பக்கத்திலும் தப்பிக்க ஒரே வழி, காற்றை எதிர்த்து ஏறுவது. பலத்த காற்றில் எதிர்த்து ஏறும் திறன் முன்பாயின் வடிவத்தில்தான் இருக்கிறது.

கையாள எத்தனை பேர். வெளியே போகும்போது நண்பர்கள் நான்கு பேர் வருவார்கள். காற்று ஏறிய பிறகு அதில் மூவர் வாந்தி எடுத்துக்கொண்டு இருப்பார்கள். எனவே ஒரு ஆள் கணக்குதான்.

கண்ணுக்கு வழி. வலை மிதவைகள், நண்டு வலைக் கொடிகள், நங்கூரம் போட்டு நிற்கும் வத்தை, இரவில் மங்கலான ஒரு விளக்கு. டெக்கைத் தடவிக்கொண்டு போகும் பெரிய முன்பாய் படகின் ஒரு பக்கத்துப் பார்வையை அப்படியே மறைத்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் நிற்கும், நாட்டுப்படகுகள் நிற்பதில்லை. அவர்கள் வலையை நாம் அறுத்தால் நஷ்டம் அவர்களுக்கு, அவமானம் நமக்கு.

வெயில், உப்பு, தையல்காரர். பாலியஸ்டர்ப் பாயில் துணி தேய்வதற்கு முன்னே நூல் இற்றுப்போகும். நல்ல பாய் தைப்பவர்கள் சென்னைக்கோ அதற்கு அப்பாலோதான். அவசரத்துக்குக் கீழக்கரையில் தார்ப்பாய் தைக்கும் ஒருவரிடம் போகிறேன். எனக்குப் பாய் தைப்பவரும் ஒரு பாய்தான். இந்தச் சிலேடையை அவரே என்னைவிட அதிகம் சொல்லிச் சிரிப்பார். கிழிசலுக்கு ஒட்டுப்போட அவர் போதும். வளைவு வெட்டிப் புதுப்பாய் தைக்க அவர் ஒப்புக்கொள்வதில்லை. அதுவே அவர் நேர்மைக்குச் சாட்சி.

உங்கள் மரம் எப்படிப்பட்டது. ஃபோர்ஸ்டே மர உச்சிவரை போகிறதா, உச்சிக்குக் கீழேயே நிற்கிறதா என்று பாருங்கள். பழைய படகுகளில் பாதிக்கு மேல் உச்சிவரை போகும் ரகம். அவற்றில் பெரிய பாய் சின்னது, இழுவையில் பெரும்பங்கு முன்பாயுடையது. கீழே நிற்கும் ரகத்தில் பெரிய பாயே வேலை செய்யும். ஜிப் என்கிற சின்ன முன்பாய் போதும்.

## துணியின் கணக்கு

என் 25 அடிப் படகை எடுத்துக்கொள்வோம். டெக்கிலிருந்து ஃபோர்ஸ்டே உச்சிக்கு 9 மீட்டர். அணியத்தில் கம்பி இறங்கும் இடத்திலிருந்து மரத்தடிக்கு 2.8 மீட்டர். பாயின் பின்முனையிலிருந்து முன்விளிம்புக்குச் செங்குத்தாக அளந்து, அதை இந்த 2.8 ஆல் வகுத்தால் வருவதுதான் 105, 135 என்று சொல்லும் சதவீதம். முன்விளிம்பு 8.8 மீட்டர் என்று வைத்தால்:

135 சதவீத ஜெனோவா (மரத்தைத் தாண்டிப் பின்னே நீளும் பெரிய முன்பாய்) சுமார் 16.6 சதுர மீட்டர். 105 சதவீத ஜிப் சுமார் 12.9. கடலோட்டப் பந்தய விதிகளில் புயல் ஜிப்புக்கு உச்சவரம்பு, முன் உயரத்தின் வர்க்கத்தில் 5 சதவீதம். அதாவது 9 × 9 × 0.05, சுமார் 4 சதுர மீட்டர்.

சுருட்டும் பாயை 30 சதவீதத்துக்கு மேல் குறுக்கினால் வடிவம் கெட்டுவிடும் என்பது பொதுவான அனுபவம். நடுவில் பை போலத் தொங்கும், முன்விளிம்பு தடித்த குழாய் ஆகிவிடும். 135-ஐ 30 சதவீதம் சுருட்டினால் 11.6. 105-ஐ அதே அளவு சுருட்டினால் 9. இந்த 11.6-க்கும் 9-க்கும் நடுவில்தான் ஜூலை மாதத் தென்கடல் இருக்கிறது.

## வழி ஒன்று: கொக்கி மாட்டும் பாய்கள்

பாயின் முன்விளிம்பில் வரிசையாகப் பித்தளைக் கொக்கிகள். ஒவ்வொன்றையும் ஃபோர்ஸ்டேயில் மாட்டி, கயிற்றால் மேலே ஏற்ற வேண்டும். காற்றுக்கேற்ப ஒரு ஜெனோவா, ஒரு ஜிப், ஒரு புயல் ஜிப் என்று மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு பாயும் தன் காற்றுக்கென்றே வெட்டப்பட்டது; வடிவத்தில் இதை அடிக்க எதுவும் இல்லை. பழுதாகும் பாகமும் இல்லை. கொக்கி ஒன்று உடைந்தால் நைலான் கயிற்றால் கட்டிக்கொண்டு வீடு திரும்பலாம். வேலை முடிந்ததும் பாய் பைக்குள் போய்விடும், வெயில் அதைத் தொடாது. இந்த ஒரு காரணத்துக்காகவே கொக்கிப் பாய்கள் நம் ஊரில் நீண்ட நாள் உழைக்கின்றன.

விலை குறைவு என்பார்கள். பாதி உண்மை. மூன்று பாய் வாங்கினால் ஒரு ஃபர்லரின் விலையை நெருங்கிவிடும். இன்னொரு செலவு இடம்: 24 அடிப் படகின் உள்ளே ஈரப் பாய்ப் பைகள் இரண்டு கிடந்தால் படுக்க இடமில்லை. ஈரத்தோடு மடித்தால் பூசணமும் பிடிக்கும்.

பெரிய குறை வேறு. பாய் மாற்ற அணியத்துக்கு ஒருவர் போக வேண்டும். வாடை அலையில் வடகடலில் அணியம் மூழ்கி மூழ்கி எழும்போது அங்கே மண்டிபோட்டு உட்கார்ந்து கொக்கி மாட்டியவர்களுக்குத்தான் தெரியும். நான் மூன்று வருஷம் மாட்டினேன். அந்த மூன்று வருஷத்தில் பாதி நேரம், மாற்றச் சோம்பல்பட்டே தவறான பாயோடு ஓட்டினேன். இதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை, ஆனால் எல்லோரும் செய்வது.

இதற்கு அரை மருந்து உண்டு: இறக்குக் கயிறு. பாயின் தலையில் கட்டிய மெல்லிய கயிற்றைக் கொக்கிகளின் ஊடாகக் கீழே விட்டு, அணியத்தில் ஒரு சின்னக் கப்பி வழியாக இருக்கைக்குக் கொண்டுவந்துவிட்டால், ஏற்றுக் கயிற்றை விட்டு இதை இழுத்தவுடன் பாய் தானாக டெக்கில் விழும். செலவு ஒரு கயிறு, ஒரு கப்பி. அந்தச் சின்னச் செலவை மிச்சம் பார்த்து இதைப் போடாதவர்களை எனக்குத் தெரியும். இன்னொரு மருந்து, ஜிப்பிலேயே மேலே இரண்டாவது கண்களைத் தைத்து, அடிப்பாகத்தைச் சுருக்கிக் கட்டும் வசதி. ஒரே பாய் இரண்டு அளவாகும்.

*இது யாருக்கு:* 22 அடிக்கும் குறைந்த படகு. தொண்டி, தேவிபட்டினம் பக்கம் பகலில் போய்ப் பகலில் திரும்புபவர். படகைக் கரையில் ஏற்றி வைப்பவர். ஏற்றி இறக்கும் படகில் ஃபர்லர் குழாய் வளையாமல் பார்த்துக்கொள்வதே தனி வேலை.

## வழி இரண்டு: சுருட்டும் பெரிய ஜெனோவா

விற்பனைக்கு வரும் பழைய படகுகளில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். அடியில் ஒரு உருளை, மேலே ஒரு சுழலி, நடுவே ஃபோர்ஸ்டேயைச் சுற்றி அலுமினியக் குழாய். கயிற்றை இழுத்தால் பாய் சுருளும். இருக்கையைவிட்டு எழ வேண்டாம். ஒற்றை ஆளுக்கு இது வரம், அதை மறுக்கவில்லை. மார்ச் மாத மந்தக் காற்றில் 16 சதுர மீட்டர் துணி படகை நகர்த்தும், எஞ்சின் எண்ணெய் மிச்சம். காற்று பின்னால் இருந்தால் ஒரு கம்பு வைத்து வெளியே தள்ளிக்கொண்டு ராஜா போலப் போகலாம்.

சிக்கல் 18 நாட்டுக்கு மேல் தொடங்குகிறது. சுருட்டச் சுருட்டப் பாயின் இழுவை மையம் மேலே ஏறுகிறது, வயிறு தொங்குகிறது. படகு சாயும், முன்னேறாது. மேலே சொன்ன கணக்குப்படி 11.6-க்குக் கீழே போனால் அது பாய் இல்லை, மூட்டை. முன்விளிம்பில் நுரைப்பட்டை வைத்துத் தைத்தால் கொஞ்சம் தொங்கல் குறையும். புதுப்பாய் தைப்பவர்கள் அதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். அப்போதும் கச்சான் காற்றில் குருசடைத் தீவுப் பக்கத்திலிருந்து எதிர்த்து ஏறி வர இதை நம்ப மாட்டேன்.

துணியின் கனத்திலும் ஒரு பொருத்தமின்மை இருக்கிறது. மந்தக் காற்றுக்கு லேசான துணி வேண்டும், பலத்த காற்றுக்குக் கனத்த துணி. ஒரே பாய் இரண்டையும் செய்ய வேண்டுமென்றால் 5.5 அவுன்ஸ் போல நடுவில் நின்று இரண்டிலும் சுமாராக இருக்கும்.

மறைந்திருக்கும் செலவுகளை இங்கே வரிசையாகச் சொல்லியாக வேண்டும். சுருட்டிய பாய் ஆண்டு முழுக்க மேலேயே நிற்பதால் பின், அடி விளிம்புகளில் வெயில் பட்டை தைக்க வேண்டும். அது நைந்துபோனால் அடியில் உள்ள பாயும் சேர்ந்து போகும். பாய் நன்றாக இருக்கும்போதே பட்டையை மாற்றுவதுதான் லாபம். உப்பும் செம்மண் தூசியும் சுழலியில் ஏறும். நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவாவிட்டால் ஒருநாள் இறுகும். குழாய்க்குள் இருக்கும் ஃபோர்ஸ்டே கம்பி கண்ணுக்குத் தெரியாது. நம் வெயிலுக்கும் உப்புக்கும் பத்து வருஷத்தைத் தாண்டிய கம்பியை நான் நம்புவதில்லை. பழைய படகு வாங்கியவர்கள் கம்பியின் வயதைக் கேட்காமல் பாயின் வயதைக் கேட்கிறார்கள்.

புயல் வந்தால் சுருட்டிய பாயைக் கழற்றி உள்ளே வைக்க வேண்டும். 2020 டிசம்பரில் புரெவி வலுவிழந்து இந்தக் கரையருகே நகராமல் நின்றபோது, கழற்றாமல் விட்ட பாய் ஒன்று மேலிருந்து மெல்ல அவிழ ஆரம்பித்ததைக் கரையில் நின்று பார்த்தோம். அவிழ்ந்த பாய் படகையே நங்கூரத்தோடு இழுக்கும். காற்று ஏறிய பின் கழற்ற முடியாது. கழற்ற வேண்டுமென்றால் முழுதாக விரிக்க வேண்டும். பாம்பனில் எச்சரிக்கைக் கூண்டு ஏறும் முன்னரே, காற்று இல்லாத விடியற்காலையில் கழற்றிவிடுங்கள்.

என் கதையும் இங்கேதான் வருகிறது. கொக்கியில் சலித்துப்போய்ப் பழைய ஃபர்லர் ஒன்று வாங்கினேன். அதில் என் பழைய ஜிப்பையே முன்விளிம்பு நாடா மாற்றித் தைத்துப் போட்டேன். பாயின் உயரம் கம்பியைவிட ஒன்றரை அடி குறைவு. அதனால் சுழலி உச்சிக்குப் போகாமல் கீழேயே நின்றது; ஏற்றுக் கயிறு ஃபோர்ஸ்டேயோடு ஒட்டி இணையாக ஓடியது. அக்டோபர் மாலை ஒன்றில் மண்டபத்துக்கு வடக்கே கருமேகம் இறங்கியது. சுருட்டுக் கயிற்றை இழுத்தேன். சுழலியோடு சேர்ந்து ஏற்றுக் கயிறும் கம்பியைச் சுற்றிக்கொண்டது. பாதி சுருண்ட பாய், முன்னும் போகாது பின்னும் போகாது. நான் செய்த ஒரே நல்ல காரியம், அதை வின்ச்சில் (கைப்பிடி சுற்றிக் கயிறு இழுக்கும் கருவி) போட்டு முறுக்காதது. முறுக்கியிருந்தால் குழாயோ கம்பியோ போயிருக்கும். ஷீட்டை, அதாவது பாயின் பின்முனையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை, விட்டுவிட்டுக் காற்றோடு ஓடி, கொஞ்சம் அடங்கியதும் எதிர்த்திசையில் சுருள் அவிழ்த்து மீண்டேன். பாயின் தலையில் ஒன்றரை அடிக் கம்பித்துண்டு வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

*இது யாருக்கு:* உச்சிவரை கம்பி போகும் பழைய படகு. ஓட்டுவதெல்லாம் பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. கச்சான் காலத்தில் படகைக் கரையேற்றி வைப்பவர். ஏற்கெனவே நல்ல ஜெனோவா கையில் இருந்தால் இன்னும் பொருந்தும். அதைத் தூக்கிப்போட்டு வேறு வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

## வழி மூன்று: சுருட்டும் சின்ன ஜிப், பையில் ஒரு லேசான பாய்

இப்போது என் படகில் இருப்பது இதுதான், அதனால் என் சாய்வு தெரியும்படியே எழுதுகிறேன்.

அதே ஃபர்லர். அதில் 105 சதவீத ஜிப், 6.5 அவுன்ஸ் துணி, பின்முனை கொஞ்சம் உயர்த்தி வெட்டியது. உயர்த்தி வெட்டியதால் அடியில் பார்வை திறந்திருக்கிறது. வலைக் கொடிகள் தெரிகின்றன. 12 நாட்டிலிருந்து 20 வரை முழுப் பாயும் நிற்கும். அதற்கு மேல் நாலு சுற்றுச் சுற்றினால் 9 சதுர மீட்டர்; வடிவமும் கெடுவதில்லை. திசை மாற்றும்போது பாய் மரத்தைச் சுற்றி வழுக்கிக்கொண்டு போய்விடும். 135 மாதிரி பக்கக் கம்பிகளில் உரசிப் போராடுவதில்லை. பாம்பன் வாய்க்காலருகே நீரோட்டத்தில் அடிக்கடி திசை மாற்ற வேண்டி வரும்போது இந்த வித்தியாசம் தோளில் தெரியும்.

குறை வெளிப்படை. 8 நாட் காற்றில் உச்சிவரை கம்பி போகும் படகு இந்த ஜிப்போடு தூங்கிவிடும். அதற்குத்தான் பையில் ஒரு லேசான நைலான் பாய். 1.5 அவுன்ஸ், அகலமாக வெட்டியது, முன்விளிம்பு எந்தக் கம்பியிலும் மாட்டாமல் தனியாக நிற்பது. மந்தக் காற்றில்தான் இதை ஏற்றுவோம். அப்போது அணியத்துக்குப் போவது ஆபத்தில்லை, உலாப் போவது மாதிரி. கொக்கிப் பாய்க்காரர் புயலில் போக வேண்டிய இடத்துக்கு நான் மந்தத்தில் போகிறேன். இந்த ஒரு தலைகீழ் மாற்றத்துக்காகத்தான் இவ்வளவும்.

மறைந்திருக்கும் செலவு: இந்தப் பாய்க்குத் தனி ஏற்றுக் கயிறு வேண்டும், அதன் கப்பி ஃபோர்ஸ்டேக்கு மேலே இருக்க வேண்டும். பழைய படகில் அது இல்லாமல் இருக்கலாம். அணியத்தில் ஃபர்லர் உருளைக்கு முன்னே ஒரு கட்டுமிடமும் வேண்டும். 'கோட் ஸீரோ' என்று அழகாகப் பெயர் சொல்லித் தனிச் சுருட்டியோடு விற்பதை 25 அடிப் படகுக்கு வாங்க வேண்டாம். அதற்கு அணியத்தில் நீட்டுக்கம்பும் இறுகக் கட்டிய முன்கயிறும் தேவை; படகு விலையில் கணிசமான பங்கை அது தின்னும். இன்னொன்று: காற்று 10 நாட்டைத் தாண்டும்போதே நைலானை இறக்கும் ஒழுக்கம் வேண்டும். "இன்னும் கொஞ்ச நேரம்" என்று நினைத்த நாளில்தான் அது தண்ணீரில் விழுந்து, அடியில் போய், சுக்கானில் சுற்றிக்கொண்டது.

*இது யாருக்கு:* ஆண்டு முழுக்க ஓட்டுபவர்; கச்சான் காலத்தில் தென்கடலில் கிடப்பவர்; தனியாகவோ மனைவி பிள்ளைகளோடோ போகிறவர்.

தானாகப் பக்கம் மாறும் ஜிப் பற்றியும் கேட்கிறார்கள். டெக்கில் குறுக்கே தண்டவாளம் வைத்து அதில் ஓடுவது. வலைகளுக்கு நடுவே வளைந்து போக அருமை. ஷீட்டைத் தொடவே வேண்டாம். ஆனால் பாய் மரத்துக்கு முன்னாலேயே முடிந்துவிடுவதால் சின்னது, காற்று பின்னால் வந்தால் பயனில்லை, பழைய டெக்கைப் பலப்படுத்தாமல் தண்டவாளம் பதிக்கவும் முடியாது. கம்பி கீழே நிற்கும் ரகப் படகு வைத்திருப்பவர் மட்டும் யோசிக்கலாம்.

| | கொக்கிப் பாய்கள் | சுருட்டும் 135 | சுருட்டும் 105 + நைலான் |
|---|---|---|---|
| மார்ச் மந்தம் | ஜெனோவா ஏற்றினால் நன்று | நன்று | நைலான் ஏற்றினால் மிக நன்று. ஜிப் மட்டும் என்றால் மோசம் |
| கச்சான், தென்கடல் | சரியான பாய் ஏற்றியிருந்தால் சிறப்பு | எதிர்த்து ஏறுவது கடினம் | நன்று |
| வாடை, வடகடல் குட்டை அலை | பாய் மாற்ற அணியம் போக வேண்டும் | பாதி சுருட்டி, சாய்ந்து சாய்ந்து | நன்று |
| ஒற்றை ஆள் | இறக்குக் கயிறு இருந்தால் சமாளிக்கலாம் | எளிது | எளிது, நைலானுக்கு மட்டும் கவனம் |
| வலை, கொடி பார்வை | ஜிப்பில் நன்று, ஜெனோவாவில் இல்லை | மறைக்கும் | திறந்திருக்கும் |
| வெயில் சேதம் | குறைவு | அதிகம் | ஜிப்புக்கு மட்டும் |
| உள்ளூரில் பழுது | எல்லாமே முடியும் | பாய் முடியும், சுழலி முடியாது | அதேதான் |
| வேறெங்கும் சொல்லாத செலவு | உள்ளே இடம் | கம்பி, வெயில் பட்டை | கூடுதல் ஏற்றுக் கயிறு |

## எதை வாங்கினாலும், கட்டும் விதம்

நல்ல பாயைத் தப்பாகக் கட்டினால் மோசமான பாய்தான். இங்கே கவனிக்க வேண்டியவை அதிகமில்லை, ஆனால் எல்லாமே உயிர்நாடி.

ஷீட்டைப் பாயின் பின்முனையில் இரும்பு வளையத்தால் மாட்டாதீர்கள். திசை மாற்றும்போது துடிக்கும் பாயில் அந்த வளையம் ஒரு சுத்தியல். இரண்டு ஷீட்டையும் தனித்தனிப் போலைன் முடிச்சுப் போட்டுக் கட்டினால் போதும். 25 அடிப் படகுக்கு 10 மில்லிமீட்டர் கயிறு. ஒவ்வொன்றும் படகின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு. இன்னும் மெல்லியதும் தாங்கும், கை தாங்காது.

ஷீட் போகும் கப்பியின் இடம் ஒரே இடமல்ல. முதலில் ஷீட்டின் கோட்டை மனதால் முன்னே நீட்டிப் பாருங்கள்; அது முன்விளிம்பின் நடுப்பகுதியில் போய் முட்ட வேண்டும். பிறகு பாயின் முன்விளிம்பருகே மேலும் நடுவிலும் கீழும் கம்பளி நூல் துண்டு ஒட்டிவிட்டு, எதிர்த்து ஓட்டிப் பாருங்கள். காற்று வரும் பக்கத்தில் மேல்நூல் முதலில் துடித்தால் கப்பியை முன்னே தள்ளுங்கள். கீழ்நூல் முதலில் துடித்தால் பின்னே. பாயைச் சுருட்டிக் குறுக்கினால் பின்முனை முன்னேயும் மேலேயும் போகும். கப்பியும் முன்னே போக வேண்டும். பத்தில் எட்டுப் பேர் செய்யாமல் விடுவது இதைத்தான். "சுருட்டினா படகு ஏறவே மாட்டேங்குதுண்ணே" என்ற புகாரில் பாதிக்கு இதுவே மருந்து.

கம்பி தளர்ந்திருந்தால் எந்த ஜிப்பும் வயிறு பெருக்கும். பின்கம்பியை இறுக்கினால் ஃபோர்ஸ்டே நேராகும். ஏற்றுக் கயிற்றை அடையாளம் போட்டு வைத்து, காற்று ஏறும்போது கொஞ்சம் கூடுதலாக இழுத்துக் கட்டுங்கள். முன்விளிம்பில் குறுக்குச் சுருக்கங்கள் மறையும்வரை போதும்.

ஃபர்லர் போடுபவர்களுக்குத் தனியாக மூன்று. சுழலி இருக்கும் உயரத்தில் ஏற்றுக் கயிறு ஃபோர்ஸ்டேயிலிருந்து சுமார் 10 டிகிரி விலகி நிற்க வேண்டும். பாய் உயரம் குறைவென்றால் தலையில் கம்பித்துண்டு, அதுவும் போதாதென்றால் மரத்தில் ஒரு ஒதுக்குக் கண். சுருட்டுக் கயிறு உருளைக்குள் நுழையும் கோணம் ஃபோர்ஸ்டேக்குச் செங்கோணமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கமே குவிந்து, ஒரு சுற்று இன்னொன்றின் அடியில் போய் மாட்டிக்கொள்ளும். பாயை விரிக்கும்போது சுருட்டுக் கயிற்றைக் கையைவிட்டு விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே விட்டால் உருளையில் கயிறு இறுக்கமாகப் படியும்.

மூன்றாவது, உருளையில் கயிறு சுற்றும் சுற்றுகளின் எண்ணிக்கை. முதன்முறை கயிறு சுற்றும்போது வெற்று உருளையில் கணக்கில்லாமல் சுற்றிவிட்டு, காற்று இல்லாத நாளில் பாய் முழுவதும் சுருண்டதைப் பார்த்துத் திருப்திப்படுகிறோம். காற்றில் சுருட்டும்போது பாய் இறுக்கமாகச் சுருளும், கூடுதல் சுற்றுத் தேவைப்படும். அதற்கு மேல் ஷீட்டும் மூன்று சுற்று வெளியே சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் இரவில் அவிழும். இவ்வளவும் முடிந்த பிறகும் உருளையில் மூன்று, நான்கு சுற்றுக் கயிறு மிஞ்ச வேண்டும். வீட்டு வாசலுக்கு வந்த மூவரில் ஃபர்லர் போட்டவரின் படகைப் போன வாரம் பார்த்தேன். பாய் முக்கால்வாசி சுருண்டதும் உருளையில் கயிறு தீர்ந்துவிட்டது. மீதிப் பாயைச் சுற்றித் தோரணம் மாதிரி நைலான் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்.

"அது அழகுக்குண்ணே" என்றார்.